அடையாள அட்டை இலக்கமே கடவுச்சொல்லா?

ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிச் சென்ற என் மாணவர்கள் சிலருக்குக் கணினி ஆய்வுகூடக் கணக்கின் முதற் கடவுச்சொல்லாகத் தேசிய அடையாள அட்டை இலக்கமே வழங்கப்பட்டிருக்கிறது. பயனர் பெயரோ பதிவு இலக்கம். வரவுப் பட்டியலில் எல்லோர் கண்ணிலும் படுவது. எந்த நிறுவனமானாலும் இவ்வழக்கத்தை உடனே கைவிட வேண்டும்.

இலங்கையில் 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் பிறந்த நாள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 2004 ஜனவரி 15இல் பிறந்த மாணவியின் எண் 2004515 என்று தொடங்கும். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன எவருக்கும் பாதிக்கு மேல் தெரிந்துவிட்டது. மீதியும் மறைவாக இல்லை. வங்கி, தொலைபேசிக் கடை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை வாடகைக்கு விடும் வீடு என்று போகுமிடமெல்லாம் அட்டையின் பிரதியைக் கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம்!

அனுமதியின்றிப் பிறர் கணக்கில் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். ஆனால் அப்படி நுழைந்தவர் ஒப்படையை அழித்தாலும் மின்னஞ்சல் அனுப்பினாலும் பதிவாகும் பெயர் கணக்குக்குரிய மாணவியுடையது. தான் செய்யவில்லை என்று அவள் எப்படி நிறுவுவாள்?

லினக்ஸ், விண்டோஸ் ஆகிய இரு இயங்குதளங்களிலும் முதல் நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்றக் கட்டாயப்படுத்தும் வசதி உண்டு. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறான தற்காலிகச் சொல்லை மூடிய உறையில் கொடுத்து, அவ்வசதியையும் இயக்கிவிட்டால் போதும். இதற்குப் பெரிய செலவில்லை.

கூடவே, முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் தமிழில் விளக்கம் தாருங்கள். நெடுந்தீவிலிருந்தும் முழங்காவிலிலிருந்தும் கைத்தொலைபேசிப் பழக்கத்தோடு மட்டும் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டளைகளைத் தட்டச்சிடும் லினக்ஸ் முனையத்தில் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒன்றுமே தோன்றாது. விசைப்பலகை பழுதென்று எண்ணிக் கையை எடுத்துவிடுகிறார்கள், கேட்கவும் கூச்சப்படுகிறார்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு என்பதையும், எழுந்து போகுமுன் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும் என்பதையும் யாராவது அருகில் நின்று காட்ட வேண்டும். மறந்த கடவுச்சொல்லைப் புதிதாக அமைத்துத் தரலாம். அதற்காகப் பழையதை எந்த உத்தியோகத்தரும் கேட்கத் தேவையில்லை. கேட்டால் மறுக்கும் உரிமை மாணவர்களுக்கு உண்டென்பதையும் அந்த ஒரு மணி நேரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தகவல் தொழில்நுட்ப ஆசிரியை,
கொக்குவில்.