ஜாதிக்காய் பழுத்துவிட்டது, நன்றி சொல்ல வந்தேன்

அன்புள்ளம் கொண்ட அனைவருக்கும் வணக்கம்.

இந்த நன்றி மடலை நான் 2017 டிசம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அதற்கு முந்தின மாதம் பினாங்கில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்து இன்னும் சேறு அள்ளிக்கொண்டிருந்த நேரம் அது. பக்கத்து டுரியான் பழத்தோட்டத்து அங்கிள் மூன்று ஜாதிக்காய்க் கன்றுகளைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "இது காய்க்க ஏழெட்டு வருஷமாகும்" என்று மலாயில் சொன்னார். அப்படியென்றால் இது காய்க்கிற நாளில் எல்லாருக்கும் சேர்த்து நன்றி சொல்லலாம் என்று அன்றைக்கு மனசுக்குள் வேண்டுதல் போல ஒன்றை வைத்துக்கொண்டேன். போன வாரம் விடிந்ததும் தண்ணீர் ஊற்றப் போனபோது முதல் பழம் மரத்திலேயே வெடித்து நின்றது. அதனால்தான் இந்த மடல்.

ஜாதிக்காய் வெடித்து நிற்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளித்தோல் வெளிர்மஞ்சள், சின்னக் கொய்யா அளவு. நன்றாகப் பழுத்ததும் நடுவில் ஒரு கோடு விழுந்து இரண்டாகப் பிளக்கிறது. உள்ளே பளபளவென்று கரும்பழுப்பில் கொட்டை. அந்தக் கொட்டையைச் சுற்றி, யாரோ விரலால் பின்னிவிட்டதுபோல, செக்கச்செவேல் என்று ஜாதிபத்திரி. ஈரத்தோடு இருக்கும்போது அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். காயவைத்தால் நிறம் மங்கிவிடும், வாசம் மட்டும் ஏறும். நான் உடனே பறிக்கவில்லை. வேலி ஓரம் போய் அங்கிளைக் கூப்பிட்டேன். அவருக்கு இப்போது 80 வயதைத் தாண்டிவிட்டது, மெல்லத்தான் நடந்து வந்தார். அவர் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் கை வைத்தேன்.

என்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். நான் 1957-இல் நிபோங் தெபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் பேச்சில் தோட்டம் என்றாலே எஸ்டேட்தான். செடிகொடி வைக்கிற இடத்துக்குத் தனியாகப் பெயர் கிடையாது, 'லயத்துக்குப் பின்னால்' என்போம். லயம் என்றால் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள். அம்மா பால்மரம் வெட்ட, அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கப் போகிறவர். இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு (வேலைக்குமுன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போகுமுன் லயத்துக்குப் பின்னால் போய் கத்தரிக்கும் வெண்டைக்கும் தண்ணீர் ஊற்றுவார். மத்தியானம் தோளில் தூக்கிவந்த காண்டா வாளியை (பால் வாளியை) இறக்கிவைத்து வீடு திரும்பினால், குளிப்பதற்கு முன்னாலேயே மறுபடியும் செடிகளிடம் போவார். பால் வாடை வீசும் கையால் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பூச்சி பார்ப்பார். வெயில் காலத்தில் ரப்பர் காய் படீர் படீரென்று வெடிக்கும். கொட்டை எங்கே விழுந்தது என்று நாங்கள் சருகுக்குள் தேடி ஓடுவோம். இந்த வயதிலும் மேலே ஏதாவது காய் வெடித்தால் என் தலை தானாகத் திரும்புகிறது.

அம்மாவின் செடிகளில் எனக்கு எஞ்சியது ஒன்றுதான், கறிவேப்பிலை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்டார்கள், ஒவ்வொரு குடும்பமாக வெளியேறினார்கள். 1989-இல் எங்கள் லயத்தையும் இடிக்கப்போகிறார்கள் என்று சொன்னதும், அம்மா மரத்தடியில் முளைத்திருந்த ஒரு வேர்க்கன்றைத் தோண்டி மைலோ டின்னில் வைத்து, லாரியின் முன்சீட்டில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பிறகு அது பாயா தெருபோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் 14-ஆவது மாடியில், பெயின்ட் வாளியில் வளர்ந்தது. நான் 1976 முதல் பாயான் லெப்பாஸில் மின்னியல் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தவள். இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்பினால் கதவைத் திறக்குமுன் அந்த வாளியில் ஓர் இலை கிள்ளி முகர்ந்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

2012-இல் ஓய்வு பெற்றதும், பஸ் ஓட்டிக் களைத்திருந்த என் வீட்டுக்காரரும் நானும் பாலிக் புலாவில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்தோம். மலாயில் அந்தப் பெயருக்குத் தீவின் பின்புறம் என்று பொருள். ஜார்ஜ் டவுன் பக்கத்துக் கூட்டமும் கட்டடமும் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். இந்தப் பக்கம் டுரியான், கிராம்பு, ஜாதிக்காய். கீழே இறங்கினால் சுங்கை பூரோங் பக்கம் வயல், அதையும் தாண்டினால் கடல். கறிவேப்பிலை வாளியை விட்டு முதன்முதலாக மண்ணில் இறங்கியது. ஆறே மாதத்தில் அது எடுத்த உயரத்தைப் பார்த்து அவர் சொன்னார்: "பாவம், இத்தனை வருஷம் காலை மடக்கி உட்கார்ந்திருந்திருக்கு."

அந்தக் காலைப்பொழுதுகளைப் பற்றி எத்தனை எழுதினாலும் எனக்குப் போதாது. விடியுமுன் குயில் கூவும். மலை முகட்டில் பனி நிற்கும். டுரியான் பூக்கிற நாட்களில் அங்கிளின் மரத்தடி முழுக்க வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். டுரியான் பூ இரவில்தான் மலரும், வௌவால் வந்து தேன் குடித்துவிட்டுப் போகும், விடிவதற்குள் உதிர்ந்துவிடும். வௌவால் வராவிட்டால் பழம் ஏது என்று அங்கிள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரை வௌவாலைக் கண்டால் கதவைச் சாத்துகிறவள் நான். வீட்டுக்காரர் ரம்புத்தான் மரத்தடியில் ஒரு பெஞ்சு அடித்துப் போட்டார். கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) கலந்துகொண்டு அங்கே உட்கார்ந்தால் பேச்சே தேவைப்படாது. 2015-இல் அவர் போன பிறகும் நான் இரண்டு கோப்பை கொண்டுபோய் வைத்த நாட்கள் உண்டு.

பிறகு 2017 நவம்பர் 4, சனிக்கிழமை. தீபாவளி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மத்தியானம் பிடித்த மழை இரவெல்லாம் விடவில்லை, காற்று வேறு. பினாங்கு முழுவதும் மரங்கள் சாய்ந்தன, ஊர் ஊராக வெள்ளம், 7 உயிர்கள் போயின. அவர்களை நினைத்தால் என் இழப்பைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவு நள்ளிரவில் இறங்கியது. சமையலறை முழங்கால் அளவு சேறு. தோட்டம் இருந்த இடத்தில் தோட்டம் இல்லை. பெஞ்சு, மல்லிகைப் பந்தல், முருங்கை, அம்மாவின் கறிவேப்பிலை எல்லாம் சிவப்பு மண்ணுக்குள்ளே.

அந்த இரவில் என்னைக் கைபிடித்து மேட்டு வீட்டுக்குக் கூட்டிப்போன மக்சிக் (மலாயில் அத்தை, பெரியம்மா மாதிரி அழைப்பு), உங்களுக்கு முதல் நன்றி. இடுப்பு வலியோடு குடைகூட இல்லாமல் வந்தீர்கள். உங்கள் கைலியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னீர்கள். நான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று தயங்கியபோது, நீங்களே ஒரு மூலையைத் துடைத்துச் சுத்தமாக்கி, "இங்கே உட்கார்ந்து உன் சாமியைக் கும்பிடு" என்றீர்கள். அந்த இடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. (இந்த மடலை என் மகள் மலாயில் உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.)

பாதையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, நாங்கள் மேடேறும்வரை விளக்கை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்த அந்தப் பிள்ளை யார் என்று இன்றுவரை தெரியவில்லை. மழையில் முகம் தெரியவில்லை. எங்கே இருந்தாலும் நன்றாக இரு தம்பி.

ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து வந்த கோயில் இளைஞர்களே, நீங்கள் பன்னிரண்டு பேர். உங்கள் பெயரையெல்லாம் நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். மலைப்பாதையில் மரம் விழுந்து கிடந்ததால் தெலுக் கும்பார் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். மண்வெட்டி, வாளி, சோற்றுப் பொட்டலம் எல்லாம் நீங்களே கொண்டுவந்தீர்கள். ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். சாமியறையிலும் கணுக்கால் அளவு சேறு. ஆனாலும் உள்ளே காலெடுத்து வைக்குமுன் பன்னிரண்டு பேரும் வாசலில் பூட்ஸைக் கழற்றினீர்கள். ஆணி கிடக்கும், கண்ணாடி கிடக்கும் என்று நான் கத்தினேன். "பரவாயில்லை பாட்டி" என்று வெறுங்காலோடு இறங்கி, முதலில் படங்களை எடுத்துத் துடைத்துக் கொடுத்தீர்கள். உங்களைப் பெற்றவர்களுக்கும் என் வணக்கம்.

லாரித் தம்பி ஆறு நடை மண் அள்ளிப்போனார். எண்ணெய்க் காசுகூட வாங்கவில்லை.

இனி என் தோழிகள். தொழிற்சாலையில் ஒரே லைனில் இருபது, முப்பது வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் நாங்கள். புக்கிட் மெர்தாஜாம், பட்டர்வொர்த், பாயான் பாரு என்று ஆளுக்கொரு பக்கம் இருந்தவர்கள் அந்த டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வந்தார்கள். ஆறுதல் சொல்ல வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். காரின் பின்பக்கத்தைத் திறந்தால் உள்ளே செடிகள். முருங்கைப் போத்து இரண்டு, ஈரத்துணி சுற்றிய வெற்றிலைக் கொடி, செம்பருத்திக் குச்சி, பதியன் போட்ட மல்லிகை. "எல்லாம் நீ குடுத்ததுதான்டி" என்றாள் ஒருத்தி. எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. கல்யாணம், புதுவீடு, வேலை ஓய்வு என்று யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் கையில் ஒரு செடியோடு போவது என் வழக்கம். கொடுத்ததோடு மறந்துவிடுவேன். அவர்கள் வளர்த்திருக்கிறார்கள். எனக்கு நேர்ந்ததைக் கேட்டதும் ஆளுக்கு ஆள் போன் போட்டு, யாரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து, வெட்டியும் தோண்டியும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு பெண் காரிலிருந்து இறங்கினாள். 1998-இல் அவள் பிறந்தபோது, பிள்ளையைப் பார்க்கப்போன நான் அவள் அம்மாவுக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று கொடுத்திருந்தேன். பாயா தெருபோங் வாளியில் முளைத்த வேர்க்கன்று அது. பத்தொன்பது வயதுப் பெண், இரண்டு கையாலும் ஒரு மைலோ டின்னைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டின்னுக்குள் ஒரு சாண் உயரத்தில் கறிவேப்பிலை. எந்த டின்னில் வந்தது என்ற கதையை நான் ஷிப்டு இடைவேளையில் எப்போதோ சொல்லியிருக்கிறேன். அவள் அம்மா அதை மறக்காமல், வேண்டுமென்றே மைலோ டின் தேடி வைத்திருக்கிறாள். நான் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தேன். அதே வாசம். லயத்துக்குப் பின்னால் நின்ற மரத்தின் வாசம். அன்றைக்கு நான் அழுததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள், ஒருத்தியும் அழாதே என்று சொல்லவில்லை. அதற்கும் நன்றி.

அங்கிளுக்கு நான் பட்ட கடன் கன்றுகளோடு முடியவில்லை. சரிவை எப்படிப் படிபடியாக வெட்ட வேண்டும், மண் பிடிக்க எதை நட வேண்டும் என்று ஒரு வருஷம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். செராய்ப் புல்லை (எலுமிச்சைப்புல்) வரிசையாக நட்டோம், அதன் கீழே காந்தான், இஞ்சி இனத்துச் செடி. இன்று மக்சிக் வீட்டு லக்சா நூடுல்ஸ் குழம்புக்குக் காந்தான் பூ இங்கிருந்துதான் போகிறது. மனம் சோர்ந்த ஒரு நாளில் அவர் பழைய கதை ஒன்று சொன்னார். பினாங்குக்கு ஜாதிக்காயை 200 ஆண்டுகளுக்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து தோட்டம் தோட்டமாகப் போட்டார்களாம். 1860 வாக்கில் நோய் விழுந்து எல்லாம் பட்டுப்போனது. "பிறகும் நட்டார்களே, அதனால்தானே இன்றைக்கு நீ ஜாதிக்காய் ஜூஸ் குடிக்கிறாய்" என்றார்.

மூன்று கன்றுகளில் ஒன்று முதல் வருஷமே போய்விட்டது. ஆறாவது வருஷம் ஒன்று பூத்தது. ஓடிப்போய் காட்டினேன். பூவைப் பார்த்துவிட்டு, "இது ஆண் மரம், காய்க்காது" என்றார். என் முகம் வாடியதைக் கண்டு, "வெட்டிவிடாதே, இது இல்லாவிட்டால் மற்றது எப்படிக் காய்க்கும்?" என்று சிரித்தார். அடுத்த வருஷம் மற்றது பூத்தது. அது பெண் மரம். ஒரு பூ காயாகிப் பழுக்க ஆறேழு மாதத்துக்கு மேல் ஆகிறது. தினமும் போய்ப் போய்ப் பார்த்தேன்.

ரம்புத்தான் மரத்தடியில் பெஞ்சு மறுபடியும் இருக்கிறது. கோயில் இளைஞர்களில் தச்சு வேலை தெரிந்த ஒருவர் சேற்றில் கிடந்த பழைய பலகையையே கழுவி அடித்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அடித்த ஆணி ஓட்டைகள் இன்னும் அதில் தெரிகின்றன. விரலை வைத்துப் பார்ப்பேன்.

டுரியான் இறங்குகிற மாதங்களில் எல்லாரும் ஒரு நாள் வாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சோறும் முருங்கைக்காய்ச் சாம்பாரும் எப்போதும் இருக்கும், பழத்துக்கு அங்கிளிடம் சொல்லிவைக்கிறேன். கறிவேப்பிலை மரம் இப்போது கூரைக்கு மேலே போய்விட்டது, அடியில் வேர்க்கன்று ஏழெட்டு முளைத்து நிற்கிறது. டின் மட்டும் கொண்டுவாருங்கள்.

நன்றியுடன்,
கறிவேப்பிலை வீட்டுக்காரி,
பாலிக் புலாவ், பினாங்கு