பிஇ விகிதம் எந்தக் கணக்கில் வந்தது என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குச் சந்தை விலை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று காட்ட ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீடான நிஃப்டியின் பிஇ விகிதத்தை, அதாவது பங்கு விலையை லாபத்தால் வகுத்து வரும் எண்ணை, வரைபடமாக உங்கள் வணிகப் பக்கத்தில் அவ்வப்போது போடுகிறீர்கள். 2000இல் தொடங்கி இன்றுவரை ஒரே கோடு, குறுக்கே சராசரிக்கு ஒரு கோடு. அந்த வரைபடத்தில் 2021 மார்ச் இறுதியில் ஒரு குறி அவசியம் வேண்டும்.

அதுவரை தேசிய பங்குச் சந்தை, நிறுவனங்களின் தனிக் கணக்கு லாபத்தை வைத்தே இந்த விகிதத்தைப் போட்டது. துணை நிறுவனம் சம்பாதித்ததில் டிவிடெண்டாக வந்து சேர்ந்ததைத் தவிர மற்றது அதில் வராது. டாடா மோட்டார்ஸ் 2008இல் பிரிட்டிஷ் கார் நிறுவனமான ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியது. அந்த வியாபாரத்தையும் சேர்த்துத்தான் சந்தை டாடா மோட்டார்ஸ் பங்குக்கு விலை வைத்தது. ஆனால் விலையை வகுக்க எடுத்த லாபத்தில் அது இல்லை. நூற்பாலைக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி வகுத்து வரும் விடைக்குப் பொருள் கிடையாது. 2021இல், துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்க்கும் ஒருங்கிணைந்த கணக்குக்கு மாற்றினார்கள். நல்ல மாற்றம். ஆனால் 40ஐ ஒட்டி இருந்த விகிதம் ஒரே நாளில் 33 அளவுக்கு வந்துவிட்டது. பங்குகள் ஒன்றும் அன்று மலிவாகிவிடவில்லை.

என் மைத்துனர் ஓய்வு பெற்று வந்த பி.எஃப். பணத்தை என்ன செய்யலாம் என்று கேட்டு, உங்கள் வரைபடத்தைக் கத்தரித்து எடுத்து வந்தார். "இப்ப 22தான் மாமா, சராசரி 20. பெரிய வித்தியாசம் இல்லையே" என்றார். அந்த 20 பெரும்பாலும் பழைய கணக்கில் வந்தது. மாற்றம் நடந்த அன்று 40 என்பது 33 ஆன அதே அளவில் பார்த்தால், இன்றைய 22 பழைய கணக்கில் 27ஐ நெருங்கும். இது தோராயம்தான், ஆனாலும் 2008 ஜனவரியில் சந்தை உச்சத்தில் நின்றபோது விகிதம் 28 அளவில் இருந்தது என்பதை அவருக்கு நினைவூட்டினேன்.

இன்னொன்று, விலை ஏறாமலே லாபம் விழுந்தாலும் விகிதம் ஏறும். 2020 ஜூனில் நிஃப்டி 10,000ஐ ஒட்டி இருந்தபோதே விகிதம் 25ஐத் தாண்டிவிட்டது. ஊரடங்கில் கம்பெனிகளின் லாபம் சுருங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 25 வந்தால் விற்றுவிட வேண்டும் என்ற பழைய வாய்ப்பாட்டை நம்பி வெளியேறியவர்கள், அடுத்த ஆண்டு அக்டோபரில் நிஃப்டி 18,000ஐத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் 2009இல் இது இன்னும் மோசம்; அந்நாட்டின் பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500இன் விகிதம் 100ஐத் தாண்டியது, சந்தையோ அடிமட்டத்தை அப்போதுதான் தொட்டிருந்தது. இந்தக் கோளாறைத் தவிர்க்கத்தான் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஷில்லர் பத்தாண்டு லாபத்தைப் பணவீக்கத்துக்கேற்பச் சரிசெய்து, விலையை அதன் சராசரியால் வகுத்தார்.

எனவே அடுத்த முறை வரைபடம் போடும்போது, 2021இல் ஒரு செங்குத்துக் கோடு இழுத்து முறை மாறியதைக் குறிப்பிடுங்கள். சராசரியை இரு காலத்துக்கும் தனித்தனியாகக் காட்டுங்கள். லாபம் கடந்த நான்கு காலாண்டுக்கு உரியதா, வரும் ஆண்டுக்கான மதிப்பீடா என்பதையும் ஒரு வரியில் போட்டுவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைக் கணக்காளர்,
ராஜபாளையம்.