நோன்புப் பெருநாள் தொதலும் வட்டிலப்பமும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தொதல் என்னும் கருப்பட்டி இனிப்புக்கான முன்பதிவை ரமலான் மாதத்தின் நோன்பு 20 உடன் ஏன் முடித்துக்கொள்கிறோம் என்றும், அவித்துச் செய்யும் இனிப்பான வட்டிலப்பத்தை வெளியூர்களுக்கு ஏன் அனுப்புவதில்லை என்றும் பலர் கேட்டு வருகிறீர்கள். இரண்டுக்கும் உரிய காரணங்களை இம்மடலில் தெரிவிக்கிறோம்.

கீழக்கரைத் தொதலை அவசரத்தில் செய்ய முடியாது. அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டிப் பாகையும் அண்டாவில் ஏற்றிய பின், அடிப்பிடிக்காமல் ஆள் மாற்றி ஆள் மணிக்கணக்கில் கிண்டினால்தான் எண்ணெய் தானாகப் பிரிந்து, தொதல் அண்டாவின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும். அந்தப் பக்குவத்துக்கு முன்னரே இறக்கினால் விரைவில் பூசணம் பிடிக்கும். பக்குவமாக இறக்கிய எங்கள் தொதல் வெளியிலேயே இரண்டு வாரம் கெடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இறுகிவிடும். தயவுசெய்து வைக்க வேண்டாம்.

அடுத்தது கருப்பட்டி. பனையில் பதநீர் இறக்கும் பருவம் மாசி, பங்குனியில்தான் தொடங்குகிறது. பெருநாளோ பிறைக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முந்தி வருகிறது. 2026-இல் மார்ச்சில் வந்த நோன்புப் பெருநாள் 2028-இல் பிப்ரவரியிலும், 2031-இல் ஜனவரியிலும் வரும். எனவே முந்திய பருவத்தில் வாங்கி, ஈரம் படாமல் காத்து வைத்த கருப்பட்டியைக் கொண்டே கிண்டுகிறோம். இருப்பு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் முன்பதிவு ஏற்க முடியும். சீனி கலந்த கருப்பட்டி மலிவாகக் கிடைத்தாலும் அதை நாங்கள் வாங்குவதில்லை. விலை சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு அதுவே காரணம்.

நோன்பு 29-லும் முடியலாம், 30-லும் முடியலாம். வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் நமக்கு ஒரு நாள் முன்பே பெருநாள் வந்துவிடுகிறது. ஆகவே எல்லாப் பார்சல்களையும் நோன்பு 25-க்குள் அனுப்பிவிடுகிறோம்.

வட்டிலப்பத்தின் நிலை வேறு. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அப்பண்டம் பயணத்தைத் தாங்காது. அதைவிட, பெருநாள் காலையில் இடியாப்பத்துக்கும் கறிக்கும் பக்கத்தில் வைக்கும் வட்டிலப்பம் அந்தந்த வீட்டு அடுப்பில் வெந்ததாக இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். பெருநாளை அறிவிக்கும் தலைப்பிறை பார்த்த இரவில் உம்மாவும் மாமியும் மருமகளும் கூடி வேலை பார்ப்பது பெருநாளின் ஒரு பங்கு. அதைக் கடையிலிருந்து கொடுத்துவிட முடியாது.

புதிதாகச் செய்வோருக்கு எங்கள் அளவு இது: 10 முட்டை, அரைக் கிலோ கருப்பட்டி, இரண்டு தேங்காயின் முதல் பால், சிறிது ஏலக்காய். கருப்பட்டியைக் குறைந்த நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறிய பின்னரே முட்டையோடு சேர்க்க வேண்டும். மூடியில் திரளும் நீர் உள்ளே சொட்டாதபடி சட்டியின் வாயைத் துணியால் மூடி, மிதமான தீயில் அவிக்க வேண்டும். தீ கூடினால் வட்டிலப்பம் துளை துளையாகி நீர் விட்டுவிடும். முட்டை அடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

இதற்கான கருப்பட்டியும் ஏலக்காயும் முந்திரியும் தலைப்பிறை இரவு கடை அடைக்கும் வரை கிடைக்கும். தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் எங்கள் பெருநாள் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தார்,
கீழக்கரை