மைட்டர் ரம்ப மேசைக்குக் கை கொடுத்த எல்லாருக்கும்

பலகையைக் குறுக்காகவும் சாய்கோணத்திலும் அறுக்கிற மின் ரம்பம்தான் மைட்டர் ரம்பம், அதற்கான மேசை முடிந்துவிட்டது. இரண்டு பக்க இறக்கைகளையும் (மடக்கினால் பக்கவாட்டில் தொங்கும் பலகைகள்) தூக்கி நிறுத்தி எட்டடிப் பலகையைச் சரிபாதியாக அறுத்தாயிற்று, மறுபடி மடக்கிச் சுவரோரம் தள்ளிவிட்டுக் காரையும் உள்ளே விட்டாயிற்று. ஒரே ஒரு கார் நிற்கிற கராஜில் இதெல்லாம் நடக்கும் என்று ஆரம்பத்தில் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. நடத்திக் கொடுத்தது நீங்கள்தான். நேரில் நன்றி சொல்லிவிட்டேன், ஆனாலும் யார் சொன்ன யோசனை இந்த மேசையில் எங்கே இருக்கிறது என்று ஒரே இடத்தில் எழுதிவைக்க ஆசை. இதே இடநெருக்கடியில் ரம்ப மேசை செய்யப் போகிறவர்களுக்கும் பயன்படட்டும்.

முதல் நன்றி, தச்சு வேலையில் தலை நரைத்த பெரியவருக்கு. ஐயா, மரம், திருகு என்று எதைப் பற்றியும் பேசுவதற்கு முன்னால் சாக்பீஸை என் கையில் கொடுத்துத் தரையில் கோடு போடச் சொன்னீர்கள். ரம்பத்தின் அடித்தட்டை அளந்தால் போதாது, ஓடும்போது அது எவ்வளவு இடம் கேட்கிறது என்று பார் என்றீர்கள். தலையை, அதாவது மோட்டாரும் ரம்ப வட்டும் சேர்ந்த பகுதியை, பின்னால் தள்ளினால் அது சறுக்குகிற தண்டுகள் சுவர்ப் பக்கம் ஒரு அடி நீட்டிக்கொண்டு போகின்றன, கைப்பிடி இடமும் வலமும் 45 பாகை திரும்புகிறது, தலையைச் சாய்த்தால் மோட்டார் பக்கவாட்டில் இறங்குகிறது. இத்தனையையும் தரையில் வரைந்து பார்த்தபோது பாதி கராஜ் போய்விட்டது! தண்டு பின்னால் நீளாத ரம்பங்களும் இருக்கின்றன, போஷ் செய்கிற மடங்கும் கை வைத்தது, ஃபெஸ்டூல் கேபெக்ஸ் மாதிரி தண்டு முன்பக்கமே நிற்பது. என்னிடம் இருப்பது சாதாரண சறுக்குத் தண்டு ரகம். அதையே வைத்துக்கொள், மேசைக்குச் சக்கரம் போடு, அறுக்கும்போது முன்னால் இழு, முடிந்ததும் சுவரோடு தள்ளு என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டீர்கள். சுவரோடு சேர்த்து நிலையாகக் கட்டும் திட்டம் அன்றைக்கே போனது, மேசையின் அடிப்படையே அந்தப் பேச்சில்தான் உருவானது.

அடுத்து, படம் போட்டுத் தந்த நண்பா, உனக்கு. மேசை உயரம் 36 அங்குலம், அதில் தொங்கும் இறக்கை தரையில் இடிக்காமல் இருக்க வேண்டும் என்றால் 34 அங்குலத்துக்கு மேல் நீளம் வைக்க முடியாது. இந்தக் கணக்கை நீ முதலிலேயே சொன்னதால்தான் மற்ற அளவுகள் எல்லாம் தானாக வந்து சேர்ந்தன. நடுப்பெட்டி 30 அங்குலம், இரண்டு பக்கமும் 34, ஆக விரித்தால் எட்டடிக்குக் கொஞ்சம் மேலே, மடக்கினால் மூன்றடிக்கும் உள்ளே. 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஷீட்டில் எந்தத் துண்டு எங்கிருந்து வர வேண்டும் என்று நீ போட்டுக் கொடுத்த வெட்டுப் படத்தைக் கடைக்காரரிடம் நீட்டினேன், பெரிய வெட்டுகளை அங்கேயே போட்டுக் கொடுத்துவிட்டார். சின்னக் கராஜில் 8க்கு 4 ஷீட்டைத் திருப்பி அறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்றவர்களுக்குத் தெரியும். இறக்கை தொய்யாமல் இருக்க அடியில் கெட்டி மரச் சட்டம் கொடுக்கச் சொன்னதும் நீதான். ஏறி நின்றாலும் தாங்கும் போலிருக்கிறது (ஏறவில்லை, ஏறவும் மாட்டேன்).

ஃபிட்டர் அண்ணா, உங்களுக்கு எத்தனை தடவை நன்றி சொன்னாலும் போதாது, ஏனென்றால் இந்த மேசையில் மிகவும் கடினமான விஷயம் மட்டம். ரம்பத்தின் தட்டும் இறக்கையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இறக்கை உயர்ந்திருந்தால் பலகை ரம்பத் தட்டில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், வெட்டு நேராக விழாது. காகிதக் கனம் தாழ்ந்திருந்தால் பரவாயில்லை. மரத்தில் செய்கிற மட்டம் மழைக்கும் வெயிலுக்கும் மாறும் என்று சொல்லி, ரம்பம் உட்காரும் பள்ளத் தட்டை நான்கு மரை போல்ட்களின் மேல் நிறுத்தினீர்கள், ஸ்பேனரை வைத்து அரைச் சுற்று சுற்றினால் தட்டு ஏறி இறங்குகிறது. அதே போல, கதவு மாதிரித் திறந்து இறக்கையைத் தாங்கும் கைகளின் நுனியிலும் ஆளுக்கு ஒரு போல்ட். இறக்கை அந்தப் போல்ட் தலையின் மேல்தான் உட்காருகிறது. இத்தனை எளிமையான ஒரு விஷயம் எவ்வளவு பெரிய தலைவலியைத் தீர்க்கிறது! இனி யார் மடக்கு மேசை செய்தாலும் இதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

பலகை அணைந்து நிற்பதற்கான இறக்கையின் தடுப்புச் சட்டத்தை ரம்பத்தின் தடுப்போடு ஒரே கோட்டில் வைக்காமல் அரை நூல் பின்தள்ளி வைக்கச் சொன்னதும் அண்ணன்தான். கொஞ்சம் வளைந்த பலகை வந்தாலும் ரம்பத்தின் தடுப்பில்தான் அணைந்து நிற்கும், நீளத் தடுப்பு அதைத் தள்ளிவிடாது. நீளம் நிறுத்துகிற கட்டை மட்டும் அந்தச் சட்டத்தில் ஓடுகிறது, ஒரே அளவில் பத்துத் துண்டு வேண்டுமென்றால் ஒரு தடவை அளந்தால் போதும்.

எதிர்வீட்டு மெக்கானிக் சாருக்கு. கராஜ் தரைக்குத் தண்ணீர் ஓட வாசல் பக்கம் வாட்டம் கொடுத்திருப்பார்கள், நாலு சக்கரமும் ஒரே மாதிரி தரையைத் தொடாது, பூட்டினாலும் ஆடும் என்று தரையைப் பார்த்த உடனேயே சொன்னீர்கள். காலால் மிதித்தால் இறங்கும், தூக்கினால் ஏறும் நெம்புகோல் சக்கரங்களைக் காட்டியது நீங்கள். இப்போது நகர்த்தும்போது மட்டும் சக்கரம், அறுக்கும்போது மேசை தன் கால்களில் நிற்கிறது. கால்களும் திருகிச் சரிசெய்யக் கூடியவை, ரசமட்டம் வைத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டால் சரி. நடுப்பெட்டி குறுகலாக இருக்கிறதே, ஒரு பக்கம் நீளப் பலகை தொங்கினால் கவிழுமே என்று கேட்டபோது, கனமானதையெல்லாம் கீழ்த் தட்டில் வை என்றீர்கள். திருகுப் பெட்டிகளும் கை இழைப்பு மெஷினும் அங்கேதான் இருக்கின்றன. அசையவில்லை.

பக்கத்து வீட்டுத் தங்கைக்கு ஒரு தனி நன்றி. நிறுத்திவைக்கும்போது தலையை 45 பாகைக்குத் திருப்பிப் பூட்டிவிட்டால் தண்டுகள் மூலைவாட்டில் போகும், ஆழம் குறையும் என்று காகிதத்தில் ஒரு முக்கோணம் போட்டுக் காட்டினாயே அம்மா, அதனால் மிச்சமான இடத்தில்தான் கார்க் கதவு முழுதாகத் திறக்கிறது.

தூசி விஷயத்தில் அக்காவுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள் சும்மா பயமுறுத்த மாட்டாள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது என்று சொல்லி, முகமூடி மட்டும் போதாது, தூளைப் பிறக்கிற இடத்திலேயே பிடி என்றாள். மைட்டர் ரம்பம் தூளை விசிறி மாதிரி பின்னால் வீசுகிறது, ரம்பத்தோடு வருகிற பை அதில் ஒரு பங்கைத்தான் பிடிக்கிறது. அதனால் பின்பக்கம் பிளைவுட்டில் மூன்று பக்கமும் சரிந்த கூரையும் வைத்து ஒரு கூண்டு, அடியில் நாலங்குலக் குழாய், ரம்பத்தில் தூள் வெளிவருகிற துளையில் இன்னொரு சிறு குழாய். முழுத் தூளும் போகிறது என்று சொல்லமாட்டேன், ஆனால் காரின் மேல் படிகிற தூள் வெகுவாகக் குறைந்துவிட்டது. முகமூடியும் காதடைப்பும் கூண்டின் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகின்றன அக்கா, போடாமல் சுவிட்சைத் தொடுவதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன சொல்ல? கார் வெளியே நிற்கக் கூடாது என்று போட்ட ஒரே நிபந்தனைதான் இந்த மேசையை இவ்வளவு கச்சிதமாக்கியது. அந்த நிபந்தனை இல்லாதிருந்தால் நான் நீளமாக ஒன்றைக் கட்டி, அதன் மேலெல்லாம் சாமான்களை அடுக்கி வைத்திருப்பேன்.

கடைசியாகச் சோதனை. அகலப் பலகை ஒன்றை அறுத்து, ஒரு பாதியைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டையும் நேர்ச்சட்டத்தில் அணைத்து வாயோடு வாய் சேர்த்துப் பார்த்தோம். கோணத்தில் பிழை இருந்தால் அது இரட்டிப்பாகத் தெரியும். வெளிச்சம்கூட நுழையவில்லை. அந்த நேரத்தில் கராஜில் இருந்த எல்லாரும் சேர்ந்து கத்தியதை நான் மறக்க மாட்டேன்.

படமும் அளவுகளும் யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன், கேளுங்கள். உங்கள் ரம்பத்தின் தட்டு உயரம் வேறாக இருக்கும், அதை மட்டும் அளந்து பள்ளத்தின் ஆழத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கிளாம்ப்களை இரவல் கொடுத்து இத்தனை நாள் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தவரே, பசையெல்லாம் சுரண்டித் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், எடுத்துப்போக வரும்போது அறுக்க வேண்டிய பலகை இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள்.