சுரை விதையும் ஒரு துண்டுச் சீட்டும்

கொழிஞ்சாம்பாறை,
ஆனி 26.

அன்புள்ள தோழிக்கு,

உன் விதைக் கவர் வந்து சேர்ந்தது. பிரித்ததும் வேப்பிலை வாசனை. செங்கோட்டையிலிருந்து இத்தனை தூரம் வந்தும் ஒரு விதைகூட உளுத்துப்போகவில்லை. மிளகாயை நாற்று விட்டாயிற்று. கொத்தவரை ஆடி பிறந்ததும் போடுவேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் முழங்கால் வலி தேவலையா?

சுரை விதையை மட்டும் இன்னும் தொடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. போன வருஷம் ஒருவர் கொடுத்த சுரை விதையை நட்டேன். பந்தல் கொள்ளாத காய். முதல் காயை நறுக்கி நுனிநாக்கில் வைத்தால் அப்படியொரு கசப்பு! கசக்கிற சுரைக்காய் விஷம், ஒரு துண்டுகூடச் சமைக்கக் கூடாது. மூன்று மாதம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிய கொடியை நானே பிடுங்கிப் போட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.

கொடுத்தவர் வீட்டில் அந்தக் காய் இனித்துத்தான் இருந்திருக்கும். பக்கத்தில் எங்கோ கசப்புச் சுரை பூத்து, அந்த மகரந்தம் அவர் கொடிப் பூவில் வந்து சேர்ந்திருக்கும். அந்த வருஷக் காயில் ஒன்றும் தெரியாது. விதைக்குள் போன கலப்பு, அடுத்து நட்டவள் பந்தலில்தான் வெளியே வரும். தக்காளி, தட்டைப்பயறுக்கு இந்தப் பயம் அவ்வளவாக இல்லை. சுரை, பூசணி, பீர்க்கு அப்படியல்ல.

அதனால் தைப் பட்டத்தில் நானே கையால் மகரந்தம் சேர்த்தேன். சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். மத்தியானமே, அடியில் குட்டிப் பிஞ்சோடு இருக்கும் பெண் மொக்கையும் ஓர் ஆண் மொக்கையும் நூலால் தளர்வாகக் கட்டிவிடுவேன். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்து, ஆண்பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, தாதைப் பெண்பூவின் நடுவில் மெல்ல ஒற்றி, பெண்பூவை மறுபடியும் கட்டிவிடுவேன். பிடித்த காய்க்குச் சிவப்புத் துணி கட்டி, குலுக்கினால் விதை சத்தம் கேட்கும்வரை கொடியிலேயே விட்டேன். அதில் எடுத்த 20 விதை இதோடு இருக்கிறது.

உன் சுரை யார் கொடுத்தது, சுற்றிலும் வேறு என்ன சுரை இருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுது. இனி யாருக்குக் கொடுத்தாலும் அந்தச் சீட்டோடு கொடு.

அப்புறம், சிறகவரை 8 விதை. பக்கத்து வீட்டுச் சேச்சி ‘சதுரப்பயர்’ என்று தந்தது. ராத்திரி ஊறப்போட்டு நடு. பகல் குறுகினால்தான் பூக்கும். ஐப்பசிவரை வெறும் கொடியாகவே ஓடுகிறதே என்று வெட்டிவிடாதே.

விதை கொடுப்பது சட்டப்படி தப்பா என்று கேட்டிருந்தாய். இல்லை. 2001ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விவசாயி தன் விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும்கூட உரிமை தருகிறது. பாதுகாப்புப் பெற்ற ரகத்தை பிராண்டு போட்டு விற்பதுதான் கூடாது. தைரியமாகக் கொடு.

பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட மறைந்த நெல் ஜெயராமன், 2 கிலோ விதைநெல் கொடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கிவந்தார். நமக்கும் அதே கணக்குதான். 20 சுரை விதைக்கு 40, சீட்டோடு வரவேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி