38 வயதில் இன்னும் இரண்டு வருடமா?

திருகோணமலை

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம். இங்கே கச்சான் காற்று பிடித்துவிட்டது. மக்கேய்சர் மைதானத்தில் ஓடுகிற பெடியளும் வெயில் தாழ்ந்த பிறகுதான் வருகிறார்கள்.

உன்னிடம் குத்துச்சண்டை பழகும் பெடியன் 38 வயதில் இன்னும் இரண்டு வருடம் ஆட ஆசைப்படுகிறான், என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். அமெச்சூர் விதியில் 40 வரை இடமுண்டு என்பான். அது கடைசி எல்லை மட்டுந்தான். வயதையும் வெற்றி தோல்வியையும் விட்டுவிட்டு ஸ்பாரிங்கை, அதுதான் பயிற்சிச் சண்டையை, பார்.

போன வருட வீடியோவையும் இப்போதையதையும் அடுத்தடுத்து ஓட விடு. எதிராளி இரண்டிலும் ஒரே எடைக்காரனாக இருக்கவேணும். மூன்று சுற்றில் எதிராளியின் ஜாப், அதாவது முன்கையால் நேரே விடும் குத்து, எத்தனை உன் பெடியன் முகத்தில் சுத்தமாக விழுகிறது என்று எண்ணு. குத்தின் பலம் கடைசியில்தான் போகும்; முதலில் போவது கண் கண்டதற்குக் கால் பதில் சொல்லும் வேகம். குத்து வருவது தெரியும், தலை நகராது. முன்பு ஜாப்பைத் தட்டிவிட்டுப் பக்கவாட்டில் விலகியவன் இப்போது கயிற்றில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடுகிறான் என்றால் கால் போய்விட்டது. தொங்கும் குத்துப் பையில் அவன் அடிக்கிற சத்தத்தை நம்பி ஏமாறாதே.

1994 இல் ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றதைக் காட்டுவான். நீ முகமது அலியைக் காட்டு. 1980 இல் சாம்பியன் லாரி ஹோம்ஸோடு மோத மேடை ஏறியபோது அவருக்கும் 38தான். தைராய்டு மாத்திரையில் எடை இறங்கி, பார்வைக்கு இளைஞன் மாதிரி நின்றார். பத்துச் சுற்று அடி வாங்கிய பிறகு அவருடைய பயிற்சியாளர் டண்டி சண்டையை நிறுத்தினார். 1977 இல் ஷேவர்ஸோடு நடந்த சண்டை முடிந்ததுமே அலியின் டாக்டர் பச்சேகோ போதும் என்று சொல்லி, கேட்காததால் தானே விலகிவிட்டார். அலி 1981 வரை ஆடினார். 1984 இல் பார்க்கின்சன் என்று தெரியவந்தது.

எடை விஷயத்தில் கண்டிப்பாக இரு. உடம்பு நீரில் எடையின் 2 வீதம் போனாலே வேகம் குறையும். 60 கிலோக்காரன் கடைசி நாளில் 3 கிலோ வியர்த்து இறக்கினால் அது 5 வீதம். இந்த வயதில் ஓர் இரவில் அது தேறாது.

அடியால் மூளை தடுமாறுகிறதா என்று பார்க்க, மாதம் ஒரு தடவை, ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரலோடு ஒட்டி, கை இடுப்பில், கண்ணை மூடி 20 செக்கன் நிற்கச் சொல். ஒரே பத்தியைச் சத்தமாக வாசிக்கவைத்துப் போனில் பதிந்து வை. நாக்குக் குழறத் தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்கும்போது பிடிபடும். மறதி, சினம், நித்திரைக் குழப்பம் பற்றி அவனிடமல்ல, அவன் மனைவியிடம் கேள். கண்ணில் மின்னல் கீறினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் கொண்டு போ, விழித்திரை விலகியிருக்கலாம். எம்.ஆர்.ஐ. சுத்தம் என்று வந்தாலும் ஆறுதல் அடையாதே. வருடக்கணக்கில் வாங்கிய அடியால் வரும் மூளைச் சேதத்தை இறந்த பின் மூளையை ஆராய்ந்துதான் இன்றைக்கும் உறுதிப்படுத்துகிறார்கள்.

நிறுத்தச் சொல்வதென்றால் தோற்ற அன்று சொல்லாதே, மற்றப் பெடியள் முன்னாலும் வேண்டாம். சின்னவர்கள் குத்திப் பழகப் பேட் பிடிக்கிற பொறுப்பைக் கொடு. ஆனால் ஸ்பாரிங்குக்கு ஆள் குறையும் நாளில் அவனை உள்ளே ஏற்றிவிடாதே. ஓய்வுபெற்றவன் கணக்கில் வராத அடியை அங்கேதான் வாங்குகிறான்.

அடுத்த மாதம் வரும்போது அந்த இரண்டு வீடியோவையும் கொண்டுவா, இருந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்