அமாவாசைத் தண்ணீர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உனக்குப் பேரன் பிறந்ததை அம்மாவிடம் உடனே சொல்லிவிட்டேன். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

சிங்கப்பூரில் நம் காலாங் ஆற்றங்கரை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாயே, போன ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு போய்ப் பார்த்தேன். அங்கே தஞ்சோங் ரூ பகுதிக்கு 2024-ல் எம்ஆர்டி ரயிலே வந்துவிட்டது. நாம் நண்டு பிடித்த சேற்றில் இப்போது நடைபாதை, பின்னால் வரிசையாகக் கொண்டோ அடுக்குமாடி வீடுகள். படகுப் பட்டறைகள் இருந்த தடமே இல்லை.

தொங்கான் என்கிற சரக்குப் படகைக் கரையில் ஏற்றி வைத்து, பலகை இடுக்கில் நாரைத் திணித்துக் கலப்பத்து அடிப்பார்களே, அந்தச் சத்தத்தில்தான் நாம் வாய்ப்பாடு படித்தோம். அப்பாவுக்கு அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டித் தார் பூசுகிற வேலை. தண்ணீர் வற்றினால்தான் படகின் அடி தெரியும், அதனால் அவர் வேலைக்குப் போவதும் வருவதும் கடல் சொன்னபடிதான். புதுப் படகை இறக்குவதென்றால் கடலில் பெரிய வெள்ளம் ஏற வேண்டும், அது அமாவாசை பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். அம்மாவோ அமாவாசை விரதத்தை விடமாட்டார். தாத்தாவுக்குப் படைத்து, காக்கைக்குச் சோறு வைத்து, நாங்கள் வடை வாசனையில் பசியோடு உட்கார்ந்திருப்போம், அப்பா அங்கே இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். "படகு மிதக்கட்டும், அப்புறம்தான் இலை" என்பார் அம்மா. புதுக்கோட்டைப் பக்கம் கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவர், நாள்காட்டியைப் பார்த்தே வெள்ளம் எப்போது ஏறும் என்று சொல்லுமளவுக்கு ஆகிவிட்டார்.

அப்புறம் 1977-ல் ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியது, பத்து வருடம் நடந்தது. பன்றிப் பண்ணைகள் போயின, பட்டறைகளும் போயின. அப்பா வேலை பார்த்த பட்டறை முதலாளி இடம் மாறாமல் மூடிவிட்டார். அப்பா கிட்டங்கியில் காவல் வேலைக்குப் போனார். அந்த நாற்றம் உனக்கும் தெரியும், சுத்தம் செய்தது சரிதான். அப்பாவும் அப்படித்தான் சொன்னார், ஆனால் அதன்பிறகு அவர் கரைப்பக்கம் போகவேயில்லை.

நாங்கள் போன அன்று அமாவாசை. ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தோம், தண்ணீர் ஒரு விரலளவு கூட ஏறவில்லை. 2008-ல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு கடல் உள்ளே வருவதில்லையே! காலாங் இப்போது நீர்த்தேக்கம், அந்தத் தண்ணீரைத்தான் சுத்திகரித்துக் குடிக்கிறோம். எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அசையாத தண்ணீரைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. தம்பி ஒன்றும் சொல்லாமல் பக்கத்திலேயே இருந்தான்.

வீட்டுக்கு வந்தால் அம்மா இன்னும் சாப்பிடவில்லை. "வெள்ளம் ஏறிடுச்சா?" என்றார். ஏறிடுச்சும்மா என்று சொல்லி இலை போட்டேன்.

அடுத்த அமாவாசைக்குக் கூப்பிடு, உன்னோடு பேச வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
உன் தோழி